வவுனியா ரோல்ஸும் மல்லாவிக் கஞ்சியும்

என் தம்பிக்குப் பெண் பார்ப்பதற்காக ஜேர்மனியில் இருந்து வன்னிக்குப் போனேன். பெண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவள் நான். ஆனால் என்னை முந்திக்கொண்டு முடிவு சொன்னது என் வயிறு.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடங்கிய நேரம் அது. வெடிச்சத்தம் ஓய்ந்திருந்த சில மாதங்கள். அந்த இடைவெளிக்குள் ஊருக்குப் போய் வந்துவிட வேண்டும் என்று வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்கள் முண்டியடித்தார்கள். தம்பிக்கு விசா அலுவல் இன்னும் முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மிஞ்சியது நான். பெண் வீடு மல்லாவியில். அதே ஊரில் இருந்த என் சின்னம்மா, அதாவது அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, நடுவில் நின்று பேசி, பெண்ணின் படத்தை எங்களுக்கும் தம்பியின் படத்தை அவர்களுக்கும் சேர்ப்பித்திருந்தார். "அக்கா பார்த்துச் சொன்னால் சரி" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுத் தம்பி நிம்மதியாக வேலைக்குப் போனான்.

விமான நிலையத்தில் அம்மா என் காதுக்குள் சொன்னது ஒன்றுதான்.

"பிடிச்சிருந்தால் அவையின்ர வீட்டில கை நனை. பிடிக்காட்டில் தேத்தண்ணியோட எழும்பி வா. வாயால ஒண்டும் சொல்ல வேண்டாம்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை பகுதி சோற்றில் கை வைத்தால் சம்மதம். சாப்பிடாமல் எழும்பினால் இல்லை. முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லும் சங்கடம் யாருக்கும் இல்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் அதை ஏற்படுத்திய புண்ணியவான்கள் வந்தவளின் வயிற்றுநிலையைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

எட்டு வருட ஜேர்மன் வாழ்க்கை என்னைக் கொஞ்சம் மிதப்பாக்கியிருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அங்கத்தைய டொக்டர் ஒரு பட்டியல் எழுதித் தந்திருந்தார். கொதிக்காத தண்ணீர் கூடாது, ஐஸ் கூடாது, தெருக்கடைச் சாப்பாடு கூடாது. கூடவே ஒரு பை நிறைய மாத்திரை. கொழும்பில் இருந்து வவுனியாவுக்கு வந்த ரயிலில் அந்தப் பட்டியலைப் பக்கத்துச் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பணிவாகக் கேட்டுவிட்டுக் கொய்யாப்பழம் ஒன்றைத் துடைக்காமலே கடித்தார்.

விடியப்புறம் வவுனியாவில் இறங்கினேன். எதிரே ஒரு கடை. தாச்சியில் இருந்து அப்போதுதான் எடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸ், தட்டில் எண்ணெய் வடிய அடுக்கிக் கிடந்தன. அந்த வாசத்தை நான் எட்டு வருடமாக மணந்ததில்லை. டொக்டரும் பட்டியலும் இருந்த இடம் தெரியவில்லை. மூன்று சாப்பிட்டேன். முதலாவது பசிக்கு, இரண்டாவது ஆசைக்கு, மூன்றாவது எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. உறைப்பு ஏறிவிட்டது என்று ஒரு நன்னாரிச் சர்பத்தும் குடித்தேன். அதற்குள் ஐஸ்கட்டி மிதந்தது.

பிறகு இராணுவச் சோதனைச் சாவடி. மருந்து கொண்டுபோவதென்றால் கடிதம் வேண்டும் என்றார்கள். என்னிடம் டொக்டரின் பட்டியல்தான் இருந்தது, அதுவும் ஜேர்மன் மொழியில். மாத்திரைப் பை அங்கேயே தங்கிவிட்டது. கொழும்பில் வாங்கிய நான்கு தண்ணீர்ப் போத்தல்களை மட்டும் விட்டார்கள்.

அங்கிருந்து நடந்தும் சைக்கிள் கரியரில் இருந்தும் இரண்டு தரப்புக்கும் நடுவில் இருந்த சூனியப் பிரதேசத்தைக் கடந்து, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு கிழட்டு வான் வண்டியில் ஏறினேன். புகை முழுக்க உள்ளேதான் வந்தது. கனகராயன்குளத்தில் வயிறு முதல் தரம் புரண்டது. சும்மா வெறும் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாங்குளத்தில் மேற்கே திரும்பிய பிறகு ரோட்டில் குழி என்பது போய், குழிகளுக்கிடையில் அங்கங்கே ரோட்டு இருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டேன். மல்லாவி வருவதற்குள் எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாம் தீர்ந்துபோயின.

சின்னம்மா வாசல் படலையில் காத்துக்கொண்டு நின்றார். எட்டு வருடம் கழித்துக் காணும் பெறாமகள். கட்டிப்பிடிக்கக் கை நீட்டினார். நான் கேட்டது ஒரே ஒரு சொல்.

"எங்கை?"

சின்னம்மா விபரமான மனுசி. நீட்டிய கையாலேயே வளவின் பின்பக்கத்தைக் காட்டினார். முருங்கை மரத்துக்கு அப்பால் இடுப்பளவு தென்னங்கிடுகு மறைப்புக்குள் இருந்தது கக்கூஸ். கிணற்றில் அள்ளி வாளியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். தகர வாளி. தூக்கினாலும் சத்தம், வைத்தாலும் சத்தம். அன்று பின்னேரத்துக்குள் அந்த வாளி ஏழு தரம் போய் வந்தது.

"வழியில என்ன பிள்ளை சாப்பிட்டனி?" என்று கேட்டார் சின்னம்மா.

"ஒண்டும் இல்லை. தண்ணிதான் ஒத்துக்கொள்ளேல்லை."

பச்சைப் பொய். வன்னித் தண்ணீரில் ஒரு மிடறுகூட நான் அதுவரை குடித்திருக்கவில்லை. ஆனால் பட்டியல் வைத்திருப்பவள் ரோல்ஸ் தின்றேன் என்று எப்படிச் சொல்வது? சின்னம்மா தேயிலைச் சாயத்தைக் கறுக்கக் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து தந்தார். பொம்பிளை வீட்டில் இதை மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். மாப்பிள்ளையின் அக்கா வயிற்றாலடியோடு வந்து இறங்கினாள் என்ற கதை தலைமுறைக்கும் நிற்குமே. போதாதற்கு, அந்தக் கிணற்றில் அள்ள வரும் அயல்வீட்டுப் பெண்கள் நான் போத்தலும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டபோது, "இந்தத் தண்ணி சரியில்லை, கவனமா இருங்கோ" என்று புத்தியும் சொன்னேன்.

மறுநாள் காலை வயிறு சற்று அடங்கியிருந்தது. சின்னம்மா சைக்கிள் ஓட்ட, நான் சேலை உடுத்துக் கரியரில் இருந்து பெண் பார்க்கப் போனேன். சிறிய வீடு. புதிதாக மெழுகிய நிலம் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கென்று துணி விரித்த கதிரை ஒன்று. பெண்ணின் தகப்பன் அதிகம் பேசாதவர். தாய் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பெண் வந்தாள். படத்தில் பரீட்சை எழுதப் போகிறவளின் முகம். நேரில் கண்ணுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. சுகாதாரத் தொண்டராக வேலை செய்கிறாள் என்றார்கள். சைக்கிளில் திரிந்து அந்தப் பகுதிக் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவது, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி வீடு வீடாகச் சொல்வது, வருத்தக்காரரைப் பார்ப்பது. பெண் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் மொக்குக் கேள்வியை நானும் கேட்டேன்.

"சமைக்கத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா. அவருக்குத் தெரியுமோ?"

தாய்க்கு இருமல் வந்தது. என் தம்பிக்கு முட்டை பொரிக்கத் தெரியும், ஆனால் முட்டை அதற்கு ஒத்துழைக்காது. வவுனியாவை விட்ட பிறகு முதல் தரமாக வாய்விட்டுச் சிரித்தேன். இவள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இவள் வந்தால் எங்கள் வீட்டில் கதை இருக்கும், சிரிப்பு இருக்கும் என்று எனக்கு உண்மையான சந்தோஷம் வந்தது.

தாய் வாசலில் வந்து நின்றார்.

"சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

குசினியில் இருந்து ஊர்க்கோழிக் குழம்பின் வாசம் வந்தது. விடிய முதல் குளத்துக்குப் போய்த் தகப்பன் கொண்டுவந்த விரால் பொரிந்துகொண்டிருந்தது. எருமைத் தயிர் சட்டியோடு இருந்தது. நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வயிறு உறுமியது. எவ்வளவு பலமாக என்றால், பெண்ணின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் முதலில் பார்ப்பது வானத்தைத்தான்.

எனக்கு வியர்த்தது. இன்னும் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்று தெரிந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் கக்கூஸ் எங்கே என்று கேட்க மானம் விடவில்லை.

"வேண்டாம் அம்மா, நேரமாச்சு. நாங்கள் வாறம்."

"தேத்தண்ணியாவது..."

"வேண்டாம்."

தாயின் முகம் வாடிப்போனது. பெண் நிலத்தைப் பார்த்தாள். சின்னம்மா என் முழங்கையில் கிள்ளினார். எனக்குக் கிள்ளு உறைக்கும் நிலை இல்லை. கரியரில் ஏறி, "கெதியா சின்னம்மா, கெதியா" என்றேன். பெண்ணைப் பிடிக்காமல் மாப்பிள்ளையின் அக்கா ஓடியே போய்விட்டாள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

பின்னேரம் நான் கிடுகு மறைப்புக்குள் குந்தியிருந்தேன். படலையில் சைக்கிள் மணி கேட்டது. கிடுகின் ஓட்டையால் பார்த்தேன். பெண்ணின் தகப்பன். ஒரு கையில் பேப்பரில் சுற்றிய ஏதோ, மறுகையில் தயிர்ச்சட்டி.

"இருங்கோ அண்ணை," என்றார் சின்னம்மா.

"இருக்க நேரமில்லை. தம்பியின்ர படத்தைத் தந்திட்டுப் போகலாமெண்டு வந்தனான். எங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை." சட்டியை நீட்டி, "இந்தத் தயிர் அந்தப் பிள்ளைக்கெண்டு ஊத்தினது. வீணாக்க வேண்டாமெண்டு மனுசி சொன்னவா," என்றார்.

சின்னம்மா ஒருதரம் முருங்கை மரப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தியம் செய்தவர் அல்லவா. சொல்லுங்கோ சின்னம்மா, சொல்லித் தொலையுங்கோ என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் சம்பந்தி ஆகப்போகிற மனிதரோடு கக்கூஸுக்குள் இருந்து எப்படிக் கதைப்பது? என் கௌரவம் வாயைப் பொத்தியது. சைக்கிள் போய்விட்டது. வெளியே வந்து அந்தத் தயிர்ச்சட்டியைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடியமுதல் குளத்துக்குப் போன மனிதரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். என் தம்பிக்கு வர இருந்த ஒரு நல்ல வாழ்வை மூன்று ரோல்ஸுக்காக விற்றுவிட்டேன்.

"நாளைக்கு நானே போய்ச் சொல்லுறன்," என்றேன்.

"முதல் நேரா நில்லு. பிறகு போகலாம்," என்றார் சின்னம்மா.

மறுநாள் காலை எனக்குக் கட்டிலை விட்டு எழும்பவே கஷ்டமாக இருந்தது. கையில் வாளியோடு கிணற்றடிவரை போய்ச் சேர்ந்தபோது அங்கே அவள் நின்றாள். பெண்தான். சைக்கிளில் குளோரின் தூள் டின், கையில் ஒரு போத்தல். என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் வேலையா வந்தனான். இந்தத் தண்ணி சரியில்லையெண்டு நீங்கள் சொன்னீங்களாம். ஆறு வீட்டுச் சனம் இதை விட்டிட்டுத் துரவில அள்ளிக் குடிக்கினம். போன கிழமைதான் நான் இதுக்கு மருந்து போட்டனான்."

துரவு என்பது மாடு குளிக்கும் திறந்த பள்ளம். எனக்குத் திக்கென்றது. என் பொய் என் வயிற்றோடு நிற்கவில்லை, ஆறு வீட்டு வயிறுகளுக்குப் போகப் பார்த்தது.

பதில் சொல்ல வாய் எடுத்தவள் அப்படியே கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்து என் கையைத் தூக்கி, புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். தோல் மெதுவாகத்தான் பழைய இடத்துக்குப் போனது.

"எத்தினை தரம் போனது?"

"எது?"

"அக்கா, எனக்கு இதுதான் வேலை."

நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அவள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

"எப்ப துவங்கினது?"

"முந்தநாள். கனகராயன்குளத்தில."

"அப்ப எங்கட தண்ணியைக் காண முதலே," என்றாள் அவள். "வவுனியாவில என்ன சாப்பிட்டனீங்கள்?"

இனி ஒளிக்க இடமில்லை.

"ரோல்ஸ்."

"எத்தினை?"

"மூண்டு."

"ஐஸ்?"

"சர்பத்துக்குள்ள."

அவள் திரும்பிக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு அந்தக் குலுக்கம் நின்றது.

"அப்ப எங்கட வீட்டில சாப்பிடாமப் போனது?"

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, தங்கச்சி. கோழியும் பிடிச்சது, விராலும் பிடிச்சது. வயிறுதான் விடேல்லை. அப்பா படத்தைக் கொண்டுவந்து தந்தபோது நான் அந்தக் கிடுகுக்குப் பின்னாலதான் இருந்தனான்."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரிப்பதுகூட என் நிலையில் ஆபத்தானது என்று அடுத்த கணமே தெரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வந்தபோது ஜீவனிப் பக்கெற் ஒன்றைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாள். உப்பும் இனிப்புமான அந்தக் கரைசலை மிடறு மிடறாகக் குடிக்க வைத்தாள். பிறகு, "இதை என்னட்டை மட்டும் சொல்லிக் காணாது," என்றாள். "நான் சொன்னால் சனம் நம்பாது. ஜேர்மனியால வந்த நீங்களே சொன்னதெல்லோ. நீங்களே திருப்பிச் சொல்லுங்கோ."

ஆறு வீட்டுப் பெண்களையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். நான் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க மூன்று ரோல்ஸில்தான் என்று சொன்னேன். ஒருவர் இறைச்சியா மரக்கறியா என்று கேட்டார். இன்னொருவர் பெருமூச்சு விட்டு, "நான் ரோல்ஸ் கண்டு அஞ்சு வருசம்," என்றார். அதற்குப் பிறகு கூட்டம் என் வருத்தத்தை மறந்து ரோல்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது.

அன்று மத்தியானம் பெண்ணின் தாய் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். கதை அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பச்சைப்பெருமாள் அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும் போட்டது. நான் கோப்பையைக் கையில் எடுத்ததும் தாய் கலங்கிய கண்ணோடு மகளைப் பார்த்தார்.

"அப்ப இவா கை நனைச்ச மாதிரித்தானே, பிள்ளை?"

"இல்லை அம்மா. இது மருந்து. கஞ்சியைக் கணக்கில எடுக்கேலாது." பிறகு என்னைப் பார்த்தாள். "வயிறு சரியான பிறகு அக்கா யோசிச்சு வந்து சாப்பிடட்டும். நானும் யோசிக்கவேணும்."

தாய் திடுக்கிட்டார். எனக்கும் அது உறைத்தது. ஜேர்மனியில் இருந்து இவ்வளவு தூரம் வந்தும், பிடித்திருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சாப்பிட்டால் ஓம், சாப்பிடாவிட்டால் இல்லை. அவள் எதைச் சாப்பிட்டு, எதைச் சாப்பிடாமல் தன் பதிலைச் சொல்வது?

அதற்குப் பிறகும் இரண்டு நாள் கஞ்சி வந்தது. கொண்டுவந்தவள் அவள்தான். கஞ்சியோடு கேள்விகளும் வந்தன. தம்பி கோபக்காரனா? குடிப்பானா? அவள் அங்கே வேலைக்குப் போகலாமா? நான் மறைக்காமல் சொன்னேன். அவனுக்குக் கோபம் வராது, சோம்பல் வரும். பியர் குடிப்பான். வேலைக்குப் போனால் அவனுக்குத்தான் நல்லது. பொய் சொல்லிப் பட்ட பாடு போதும் என்றிருந்தது. அவள் எதையும் முகத்தில் காட்டவில்லை. காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு, அன்று எத்தனை தரம் போனது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் வாளிக்கு முழு ஓய்வு. மத்தியானம் சின்னம்மாவும் நானும் மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். மறுபடியும் மெழுகியிருந்தார்கள். மறுபடியும் ஊர்க்கோழி. பாவம், அந்த வளவில் எனக்காக இரண்டு கோழிகள் உயிர் விட்டிருக்கின்றன. தாய் பாய் விரித்து எனக்கும் சின்னம்மாவுக்கும் சோறு போட்டார். பெண் குழம்புச் சட்டியோடு நின்றாள். எல்லாரும் என் வலதுகையைப் பார்த்தார்கள்.

சோற்றில் ஆவி பறந்தது. மூன்று நாள் கஞ்சி குடித்தவளுக்கு அதற்குமேல் என்ன சோதனை வேண்டும். ஆனாலும் நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, நீ யோசிச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

பெண்ணிடம் அப்படி நேரே கேட்பது வழக்கம் இல்லை. தகப்பன் முற்றத்தைப் பார்த்தார். தாய் அகப்பையோடு அப்படியே நின்றார். அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். குசினிக்குள் போனாள். அவள் வர எடுத்த நேரத்தில் என் தட்டில் சோறு ஆறத் தொடங்கியது.

அவள் இன்னொரு தட்டோடு வந்தாள். என் பக்கத்தில் பாயில் இருந்தாள். மாப்பிள்ளை பகுதியோடு பெண் சேர்ந்து இருந்து சாப்பிடுவதை அந்த வீடு அதுவரை கண்டிருக்காது.

"எனக்கும் போடுங்கோ அம்மா," என்றாள்.

தாய் போட்டார். நான் குழம்பை ஊற்றிக்கொள்ளக் கை நீட்டுவதற்குள், அவள் சோற்றைப் பிசைந்து முதல் வாயை எடுத்துவிட்டாள்.